பதினேழு நிமிட இணைப்பு

ஒரு பயணியின் போனை வாங்கியதும் நான் முதலில் செய்வது அதைத் துடைப்பதுதான். எல்லோருக்கும் உள்ளங்கை வியர்த்திருக்கும். தப்பு செய்தவருக்கும் வியர்க்கும், செய்யாதவருக்கும் வியர்க்கும். வியர்வையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்கிற அதிகாரிகள் கதை விடுகிறார்கள். எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம், அதனால் சொல்கிறேன்.

இந்த விசாரணையில் நீங்கள் அந்தப் பதினேழு நிமிடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நாட்டுக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் அவர் போனைத் திறந்து பார்க்க எங்களுக்கு அதிகாரம் உண்டு. காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு விதி, பார்ப்பதற்கு முன் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். உள்ளே ஏற்கெனவே இருப்பதைப் பார்க்கலாம், அப்போது வந்து விழுவதைப் பார்க்கக் கூடாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பாடம் எடுப்பதே நான்தான்.

வெளிநாட்டில் இருக்கும் தங்கையை வரச் சொன்னதும் நான்தான். அம்மா இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிது என்று மருத்துவர் சொன்ன அன்றே கூப்பிட்டுச் சொன்னேன். கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா. சொல்லி முடித்த பிறகுதான் வயிறு எரிந்தது. ஒன்பது வருடமாக அம்மாவைக் குளிப்பாட்டியது நான், மருந்து கொடுத்தது நான், படுக்கை மாற்றியது நான். இவள் வாசலில் வந்து நின்றால் போதும், அம்மாவுக்கு உயிர் வந்துவிடும். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. கடைசியாக ஒரு பிற்பகலாவது அம்மா எனக்கு மட்டும் வேண்டும் என்று நினைத்தேன். அது பேராசையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால் தங்கையின் கடவுச்சீட்டு எண்ணைக் கணினியில் போட்டு, பக்கத்தில் 'கூடுதல் சோதனை' என்று குறித்தேன். இரண்டே சொல்.

காலை பத்து மணிக்கு அவளைச் சோதனை அறைக்குக் கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, நல்லவேளை நீ இருக்க. அம்மா எப்படி இருக்கா?"

"இருக்கா. சும்மா நடைமுறைதான், உக்காரு."

"இந்தா, நீயே பாத்துடுக்கா. சீக்கிரம் முடிச்சுக் குடு."

போனைத் தானே திறந்து என் கையில் கொடுத்தாள். பயணிகளில் பாதிப் பேர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் அப்போதுதான் உள்ளே வந்த சக அதிகாரிக்கு ஒன்றும் தோன்றவில்லை. உறவினர் வந்தால் அறிவித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நான் அறிவிக்கவில்லை.

பக்கத்து அறைக்குப் போய், இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் பார்த்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்கு. அம்மாவின் குரல் பதிவுகள் முந்நூறுக்கு மேல் இருந்தன. எல்லாம் நான் வேலையில் இருக்கிற நேரத்தில், வீட்டுக்கு வரும் செவிலி பதிவு செய்து அனுப்பியவை. அம்மா கனவைச் சொல்கிறாள், சிரிக்கிறாள். என்னிடம் அவள் பேசுவது கால் வலி, முதுகு வலி மட்டும்தான். ஒரு பதிவில் என்னைப் பற்றி இருந்தது. "உங்கக்கா எல்லாம் சரியாத்தான் செய்யறா பாப்பா. ஆனா பக்கத்துல வந்து உக்கார மாட்டா. செவிலி மாதிரி வருவா, போவா." பாப்பாவுக்கு வயது நாற்பத்தொன்று. செவிலிக்காவது ஓய்வு நாள் உண்டு.

அப்போதுதான் இணைப்பைப் போட்டேன். உடனே ஒரு பதிவு வந்து விழுந்தது. "பாப்பா, இறங்கிட்டியா? உனக்காகத்தான் கண்ண மூடாம கெடக்கேன்."

நான் தட்டினேன். "அம்மா, நான் ஃப்ளைட் ஏறல. வேலை வந்துடுச்சு. அதான் அக்கா இருக்காளே, போதாதா?"

போதும் என்று அம்மா சொல்லிக் கேட்க வேண்டும் போல் இருந்தது. அவ்வளவுதான். பதில் வரப் பதினாறு நிமிடம் ஆயிற்று. முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி பாப்பா. வேலையப் பாரு. அக்காகிட்ட நான் பேசிக்கறேன். அவ உன்னத் திட்டாமப் பாத்துக்கறேன்."

வந்ததையும் போனதையும் அவள் போனிலிருந்து அழித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். கோப்பில் 'முழு ஆய்வு' என்று எழுதினேன். அதற்கு மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், அவர் நான்கு மணிக்குத்தான் வருவார். பன்னிரண்டு மணிக்கு என் வேலை நேரம் முடிந்தது. தங்கையிடம், கொஞ்சம் தாமதமாகும், நான் போய் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "போக்கா, நான் வரேன்னு சொல்லு" என்றாள்.

வீட்டுக்குப் போய்ச் செவிலியை அனுப்பிவிட்டு, அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அம்மா கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு ஃப்ளைட் கெடைக்கலயாம். அவ மேல தப்பு இல்ல. திட்டாத."

"திட்டலம்மா."

"எனக்குச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை அதையே கேட்டாள். வேறு எதுவும் பேசவில்லை. இரண்டேகாலுக்கு அடங்கிவிட்டாள். தங்கையை நான்கரைக்கு விட்டார்கள். பெட்டியோடு ஓடிவந்தவள், அம்மா என்னைக் கேட்டாளா என்று கேட்டாள். கேட்கவில்லை என்றேன்.

அம்மாவின் போனில் அந்தச் செய்தியை அவள் பார்த்துவிட்டாள் என்றும், உங்களிடம் புகார் கொடுத்ததே அவள்தான் என்றும் நேற்றுத்தான் தெரிந்தது. கூடப் பிறந்தவள் இப்படிச் செய்வாள் என்று யார் நினைப்பார்கள். ஆனாலும் அம்மாவிடம் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறது. இதுவரை அவளை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை.