நூறு தொன்னும் பன்ரண்டு அந்தரும்

— பிறகு? அந்த நூறு தொன்னையும் றொக்கெற் தூக்கிக்கொண்டு போய் எங்கை இறக்கிறது?

— இறக்கிறேல்லைச் சின்னத்தங்கம். மேலை சுத்த விட்டுடும். பேந்து இன்னொரு நூறு, பேந்து இன்னொரு நூறு. எல்லாத்தையும் அங்கை வைச்சுப் பொருத்தினால் ஒரு வீடு மாதிரி. அதிலை ஏறித்தான் செவ்வாய்க்குப் போறது.

— நூறு தொன் எண்டால், அப்புத்துரை அண்ணை, எங்கடை சரவணை ஊர்ப் புகையிலை முழுக்க ஏத்தலாம்.

— உமக்கு எல்லாம் பகிடி. ரஷ்யன்ரை றொக்கெற் எழும்பி மூண்டு வருசமாகுது. அமெரிக்கனும் சொல்லிப்போட்டான், இன்னும் இருவத்தொன்பது வருசத்திலை செவ்வாயிலை மனுசன் நிப்பான் எண்டு.

— உந்தச் செவ்வாயாலைதான் என்ரை பிள்ளை முப்பத்திரண்டு வயசிலும் யாழ்ப்பாணத்திலை தனிய இருந்து படிப்பிக்குது. வந்த சாதகமெல்லாம் திரும்பிப் போச்சுது. அதிலை போய்க் குந்தப் போறாங்களாம்.

— அந்தப் பிள்ளை அங்கை உம்மைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கும்? பொழுது சரியுது. பையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போம். ஏரம்பு பொழுதுபடேக்கை வள்ளத்தை விட்டுடுவான்.

— போறன்... அவசரமில்லை. நீங்கள் ஏன் வரேல்லை? அதைச் சொல்லுங்கோ முதல்.

— இண்டைக்கு ஏழரைக்கு மொஸ்கோத் தமிழ் ரேடியோவிலை செவ்வாயைப் பற்றிப் பேச்சு இருக்கு. போன கிழமையே சொன்னவங்கள்.

— கண்டறியாத பேச்சு! நேவி ஊர்காவற்றுறையிலை இறங்கி மூண்டு நாள். சனம் ஆடு மாட்டை அவிட்டு விட்டுட்டு ஓடுது. நீங்கள் பற்றறி இல்லாத ரேடியோவைச் சைக்கிளிலை கட்டி உழக்கிக்கொண்டு இருக்கப் போறீங்களோ?

— டைனமோவிலை நல்லாக் கேக்குது. எனக்கு மூச்சு வாங்கினால் மட்டும் செய்தி வாசிக்கிறவனும் களைச்சுப் போவான்.

— மனுசரைச் செவ்வாய்க்கு அனுப்ப நிக்கிற ஆள், அராலிக்குப் போற துண்டுக் கடலைத் தாண்டமாட்டாராம். ஊர் கேட்டால் சிரிக்கும்.

— சிரிக்கிறதுக்கு ஊரிலை ஆர் மிச்சம்?

— ஏன்... நான் இல்லையே?

— நீர் போறீர்.

— சரி, சரி. ஏரம்பு சொன்னவன், இதுதான் கடைசி. அங்காலை இறக்கினால் இனி இஞ்சாலை திரும்பமாட்டானாம். தெரியுமெல்லோ?

— தெரியும்.

— தெரிஞ்சும்?

— தெரிஞ்சும்தான். நீர் ஏன் இப்பிடிப் பொலிசுக்காரன் மாதிரிக் கேக்கிறீர்?

— கேக்காமல்? காலமை என்னை மூட்டைத் தராசிலை தூக்கி, "ஒண்டேகால் அந்தர்" எண்டு துறை முழுக்கக் கேக்கச் சொன்னனீங்கள். தராசு தொங்கின பூவரசு முறியப் போகுது எண்டு சனம் சிரிச்சுது. அந்த மானம் போனதுக்கு நான் ரெண்டு கேள்வி கேக்கலாம்.

— வள்ளம் பன்ரண்டு அந்தர்தான் தாங்கும், பத்துப் பேர் நிறை. கண்மதிப்பிலை ஏத்தித்தானே முந்தநாள் மற்ற வள்ளம் தண்ணிக்குள்ளை தாண்டது? பதுளைக் கடையிலை இருவத்தாறு வருசம் நிறுத்த கை இது. றொக்கெற்றுக்கும் உதே கணக்குத்தான். ஒரு றாத்தல் கூடினால் கிளம்பாது.

— கணக்கு அவ்வளவு சரியெண்டால், ஏன் உங்கடை பேரை வெட்டினீங்கள்?

— ...ஆர் சொன்னது?

— ஏரம்பு வைச்சிருந்த கொப்பித் தாளைப் பாத்தனான். கடைசியிலை அப்புத்துரை. அதை வெட்டிப்போட்டு மேலை சீதேவி. எழுத்தும் உங்கடை எழுத்து.

— மற்றவையின்ரை தாளை எட்டிப் பாக்கிற பழக்கம் உமக்கு எப்ப போகும்?

— செத்தால் போகும். சொல்லுங்கோ.

— ...அந்தப் பிள்ளை சீதேவியைப் பாத்தனீரோ? தாய் செல்லாச்சியோடை ஊர்காவற்றுறையிலை இருந்து நடந்து வந்தது. எட்டு மாசம். தலைப்பிள்ளை. புருசன் எங்கையெண்டு தெரியாது. நிறுத்து, எழுதி, எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து கரையிலை குந்தினது... ஒரு சொல்லுக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் இடமில்லை எண்டு சொல்லியிருப்பன்.

— நீங்களோ? சொல்லியிருப்பீங்கள்!

— நான் ஒரு அந்தர் பத்து றாத்தல். அது ஒரு அந்தர் பன்ரண்டு. ரெண்டு றாத்தலுக்கு இலட்சுமிப்பிள்ளையின்ரை குத்துவிளக்கை இறக்கினன். அவ இப்பவும் என்னோடை கோவம்.

— அப்ப தாய்?

— செல்லாச்சி இஞ்சை நிக்கட்டும். இடமில்லை எண்டு அவவுக்கும் விளங்கும்தானே.

— ம்...

— என்ன "ம்"?

— ஒண்டுமில்லை. உங்களுக்குப் பயமில்லையோ அண்ணை?

— இருக்கு. ஏன் இல்லை?

— பிறகேன் மொஸ்கோக் கதை சொன்னனீங்கள்?

— அது பொய்யில்லை. பேச்சு இருக்குத்தான். தனிய இருக்கிறவன் எதையாவது கேக்க வேணுமே... எண்பத்திமூண்டுக் கலவரத்திலை பதுளைக் கடை எரியேக்கை நான் பின்வீட்டுக் கூரையிலை கிடந்தனான். அது உமக்குத் தெரியாது.

— எனக்குத் தெரியாத ஒண்டும் ஊரிலை இருக்கோ?

— ஆருக்கும் சொல்லேல்லை. நாலு பக்கமும் நெருப்பு, சத்தம். மல்லாந்து கிடந்தன். மேலை மட்டும்தான் வழி கிடந்தது. அவ்வளவு இடம் சும்மா கிடக்குது, சின்னத்தங்கம்! அண்டைக்குத் தொடங்கின விசர் இது. மனுசருக்கு இன்னொரு இடம் வேணும். ஆரும் ஆரையும் எழுப்பிக் கலைக்காத இடம்.

— அங்கை போறதுக்கும் நிறுத்துத்தானே ஏத்துவாங்கள்?

— ஓம்.

— அப்ப அங்கையும் ஒராள் கரையிலை மிஞ்சும்.

— ...நீர் பொல்லாத மனிசி.

— உள்ளதைத்தானே சொன்னனான்?

— இல்லை, கேளும். சின்ன றொக்கெற் எண்டால் மிஞ்சும். ரெண்டு பேர், மூண்டு பேர், அவ்வளவுதான். அதுக்குத்தான் இவ்வளவு பெரிசாக் கட்டுறாங்கள். நூறு தொன், பேந்து இருநூறு, ஐந்நூறு. ஒரு நாளைக்கு நிறுக்கத் தேவையில்லாத ஒண்டு வரும். கிழவன், கிழவி, பிள்ளைத்தாச்சி, அவவின்ரை தாய், எல்லாரும் ஏறுங்கோ எண்டு சொல்லுவாங்கள்.

— அதையும் நீங்கள் நம்புறீங்கள்.

— நம்பாமல் எப்பிடி உழக்கிறது? எழும்பும். இந்தா, வெயில் வேலிக்கு இறங்கிட்டுது.

— தேத்தண்ணி வைக்கட்டே? பனங்கட்டி கிடக்கோ?

— உமக்கு விசரே? ஏரம்பு ஆருக்கும் காத்து நிக்கமாட்டான். பட்டியலிலை ஏழாவது பேர் நீர். ஒண்டேகால் அந்தர் இடம் வெறுமனே போகப் போகுது!

— வெறுமனே போகேல்லை. ஹெலி சுத்துது எண்டு ஏரம்பு மூண்டு மணிக்கே வள்ளத்தைத் தள்ளிட்டான். அதுக்குப் பிறகுதான் நான் இஞ்சை வந்தனான். தலைப்பிரசவத்துக்குப் போற பிள்ளையைத் தாய் இல்லாமல் ஆரும் அனுப்புவினமோ, அண்ணை? ஆம்பிளையளின்ரை கணக்கிலை அது வராது. செல்லாச்சி என்ரை இடத்திலை இருந்து போறா... என்ரை பிள்ளையைக் கண்டால், அம்மா நாளைக்கு வாற வள்ளத்திலை வாறா எண்டு சொல்லச் சொல்லி விட்டனான்.