வடக்கில் பிறந்த போர்மன்

புவாண்ட்-கிளேர் என்னும் புறநகருக்குப் போகும் பஸ்ஸில், கிடங்கு வேலைக்குப் போகும் யாழ்ப்பாணத்தார் இருவர் என் முன்னிருக்கையில் இருந்தார்கள். இளையவர் திடீரென்று சொன்னார்:

“அண்ணை, எங்களை மேய்க்கிற போர்மன் வடகொரியனாம்.”

“ஆர் சொன்னது?”

“அவரே வாய் தவறிச் சொன்னவர். பிறந்தது வடக்கிலையாம். எல்லாரிட்டையும் சியோல் எண்டெல்லோ சொல்லுறவர்!”

“அதுக்கு?”

“நாளைக்கு எங்கட கிடங்கிலை டிவி வாங்க அமெரிக்கன்காரர் வருகினம். வடகொரியன் இருக்கிற இடத்திலை அவங்கள் யாவாரம் செய்யமாட்டாங்கள். முதலாளியிட்டைச் சொன்னால் அந்தப் போர்மன் வேலை எனக்கு.”

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

“கொழும்பிலை ஆமிக்காரன் பஸ்ஸை மறிச்சு எந்த ஊரெண்டு கேக்கேக்கை, நீ யாழ்ப்பாணம் எண்டோ சொன்னனீ?”

இளையவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சிங்களப் பக்கத்துச் சிலாபம் எண்டனான், அண்ணை.”