அடுத்த வாசலுக்கு வந்தவன்

பயணப் பெட்டிகளுக்குச் சக்கரம் வைத்தவர் நல்ல மனதோடுதான் வைத்திருப்பார், ஐயா. சுமக்க வேண்டாம், தோள் வலிக்காது. ஆனால் அந்தச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டால் என் மனைவி எழுந்துவிடுவாள்.

எங்கள் மகன் இறந்து ஆறு வருடம். அவளுக்கு ஒவ்வொன்றாக எல்லாம் மறந்துபோனபோது அதுவும் மறந்துவிட்டது. அவன் வெளியூரில் படிக்கிறான், வருவான் என்பது மட்டும் தங்கியது. ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். அன்றுதான் செத்ததுபோல் அழுதாள். அதை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டார். உரிமம் கிடையாது. வருகிறவர்களே சாவி எடுத்துக்கொள்ளும் பெட்டியை இரண்டு வாசலுக்கும் நடுவில் அடித்து வைத்தார். வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் மணியை அடித்தார்கள். இவள் விழுந்தடித்துக்கொண்டு போய்த் திறப்பாள். "வந்துட்டியாப்பா" என்று யாரோ ஒரு பையனின் கன்னத்தைத் தடவுவாள். சிலர் சிரித்தார்கள். ஒருவன் கையைத் தட்டிவிட்டான். இரண்டு நாளில் எல்லோரும் கிளம்பினார்கள். "நான் என்ன தப்பு பண்ணேன், ஏன் சொல்லாம போறான்?" என்று என்னைக் கேட்பாள். வாரத்துக்கு மூன்று முறை என் மகன் எங்களை விட்டுப் போனான், ஐயா.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், "அவர் வீடு சார், நாம என்ன சொல்றது" என்றார். நகராட்சிக்குப் பதினோரு மனு கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மாவ ரூம்ல வெச்சுப் பூட்டிடுங்களேன் சார்."

பூட்டினேன். மூன்று நாள் தூங்காமல் கதவைப் பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. நான்காம் நாள் காலை திறந்துவிட்டேன். அப்போது மணி அடித்தது.

புதிதாகக் கல்யாணமானவர்கள். அந்தப் பையன் இவள் கையைத் தன் கன்னத்திலேயே பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றான். நல்ல பிள்ளை. இவள் சிரித்தாள். உள்ளே வந்து படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டாள்.

நாளை மறுநாள் அவனும் போய்விடுவான்.

அவர்கள் குளியலறையில் எரிவாயுவில் வெந்நீர் போடும் இயந்திரம் இருக்கிறது. அதன் புகைக்குழாய் எங்கள் பின்பக்க பால்கனியை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும். பழைய போர்வையை நனைத்து அதில் அடைத்தேன். தலைவலி வரும், வீட்டைப் பற்றி மோசமாக எழுதுவார்கள், ஆள் வருவது நிற்கும் என்று நினைத்ததாக முதல் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். நான் பள்ளி ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். அந்தப் புகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா?

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து அந்தப் பெண் எங்கள் சுவரைத் தட்டினாள். மூன்று முறை, பிறகு ஒரு முறை. எழுந்தேன். ஐந்து எட்டு வைத்தால் பால்கனி. ஆனால் அந்தக் கதவு கிறீச்சிடும், இவள் விழித்துக்கொள்வாள். உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் எழுந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"பையன் குளிச்சிட்டானா?"

"குளிச்சிட்டு தூங்கறான். எழுப்பாத."

"இவனும் ரெண்டு நாள்ல கிளம்பிடுவானா?"

"இல்லம்மா," என்றேன். "இவன் போகமாட்டான்."