பாதி மெழுகுதிரி

மல்லாவிச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. மறுநாள் ஆத்துமாக்கள் திருநாள், சவக்காலைக் கல்லறைகளில் வெளிச்சம் வைக்கிற நாள். எனக்கு முன்னால் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த இரண்டு பெண்கள். ஒருத்தியின் கையில் பாதி எரிந்த மெழுகுதிரி. வன்னிக்குள் மெழுகுதிரி வர அரசாங்கத்தின் தடை. அதால் யாரைச் சுடலாம் என்று பயந்தார்களோ தெரியாது.

"இதை எங்க கொளுத்திறது மச்சாள்? கடலுக்குப் போன என்ர பெடியன் இன்னும் வரேல்ல. சவக்காலையில கொளுத்தினா நானே அவனைச் சாக்காட்டினமாதிரி."

"அப்ப அந்தோனியார் கோயிலில கொளுத்து, திரும்பி வரட்டும் எண்டு."

"செத்திருந்தா? அவனுக்கெண்டு ஒரு வெளிச்சமும் இராதே."

"எங்க கொளுத்தினாலும் ஆண்டவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா எனக்கேன் சொல்லேல்ல? அவருக்கு வாயில்லையோ?"

மற்றவள் வெறும் எண்ணெய்ப் போத்தலை மறுகைக்கு மாற்றினாள்.

"நீ அந்தோனியாரிட்டப் போ. இங்க புதைச்ச என்ர மனிசனுக்கு நான் சவக்காலையில விளக்கு வைப்பன்தானே. அதை அவனுக்கும் சேர்த்து வைக்கிறன்."

வரிசை நகர்ந்தது. தாய் நகரவில்லை.

"வை. ஆனா அவன்ர பேரை மட்டும் அங்க சொல்லிப்போடாதை."