தீர்ப்பின் முதல் பாதி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் எழுபத்தொன்பது வயதின் மேலும், இன்னும் விழாமல் நிற்கும் மூன்று பற்களின் மேலும் சத்தியம். கையெழுத்து கோணலாக இருப்பதை மட்டும் இன்ஸ்பெக்டர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். வாழ்நாளெல்லாம் தட்டச்சு செய்த கை இது. மெஷின் உங்களிடம் சாட்சிப் பொருளாக இருப்பதால் பேனாவைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

முப்பத்திரண்டு வருஷம் நீதிமன்றத்தில் தீர்ப்பு அடித்தேன். நீளமான தீர்ப்பு வந்தால், சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். முதல் பாதி எனக்கு. பின் பாதி எதிர் மேசைப் பெண்ணுக்கு. அவளைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். வீட்டில் ஆபீஸ் பேச்சே கூடாது என்று கல்யாணத்தன்றே பேசி வைத்துக்கொண்டோம். நல்ல ஏற்பாடு. சண்டை என்று ஒன்று வந்ததில்லை.

சொத்தைக் காக்க ஆளை அடித்த வழக்குகளே இருபது அடித்திருப்பேன். சட்டம் தெளிவானது. தன் உடைமையைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லாருக்கும் உண்டு. வீட்டுக்குள் நுழைந்தவனால் உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழுந்தால், அவனைக் கொல்வது வரைக்கும் அந்த உரிமை நீளும். 'ஆனால்' என்ற இடத்தில் என் பாதி முடிந்துவிடும். அதற்குமேல் பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது, தேதியும் கையெழுத்தும்தானே என்று இருந்துவிட்டேன்.

இனி ஏணி. பன்னிரண்டு அடி, அலுமினியம், பச்சை வண்ணம். ஏழு வருஷமாக என் வீட்டுப் பக்கச் சுவரில் சாய்ந்திருக்கிறது. மழையில் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடியது நான். வருஷத்துக்கொரு தடவை திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டது நான். பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிக் கவனித்ததில்லை என்று என் மனைவி சொல்வாள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அடுத்த வீட்டுப் பெயின்டர் வந்தார். நல்ல மனிதர் என்றுதான் தெருவில் சொல்கிறார்கள். தார்ப்பாயை உருவிப் போட்டு ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"ஐயா, நாளைக்கு ரெண்டு மாடி வீடு. ஏணிய எடுத்துட்டுப் போறேன்."

கேட்கவில்லை, அறிவித்தார். அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகைக் காட்டிப் போகிறவனால் என்ன அச்சம் எழும்? அதுவும் வாசலில் நிற்கிறார், வீட்டுக்குள் அல்ல. சட்டத்தை மீறுவது என் பழக்கமில்லை. ஆகவே கூப்பிட்டேன்.

"பெயின்டரே, டீ போட்டிருக்கேன். ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"டீயா? ஏழு வருஷத்துல இதான் முதல் தடவை. இன்னிக்கு மழை கொட்டப் போகுது."

"அந்த ஏணியும் உள்ள வரட்டும். பரண்மேல ஒரு மெஷின் கிடக்கு, எறக்கணும்."

"நீங்க ஏறாதீங்கய்யா, நான் ஏறுறேன்."

"எனக்கென்ன வயசாச்சா? நீங்க கெட்டியாப் பிடிச்சாப் போதும்."

உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏணியைப் பரணில் சாய்த்தார். நான் ஏறினேன். அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதாவது என் வீட்டுக்குள், என் சொத்தின் மேல், இரண்டு கைகள். சட்டைப் பையில் சுவர் சுரண்டும் தகடு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. கூர்மையானது. நியாயமான மனிதன் பயப்பட வேண்டிய இடம் இதுதான் என்று முடிவு செய்து, பயப்பட்டேன்.

மெஷின் பதினாறு கிலோ. நான் ஓய்வு பெற்றபோது ஆபீஸ் ஏலத்தில் எடுத்தது.

"பார்த்து ஐயா, நீங்க விழுந்துடப் போறீங்க" என்றார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான். மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. மெஷினைக் கையிலிருந்து விட்டேன். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏணிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

என் மனைவி மருந்துக் கடையிலிருந்து திரும்பி வந்தாள். பார்த்தாள். சட்டத்தை விளக்கினேன், 'ஆனால்' வரைக்கும். அவள் மருந்துப் பையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அதுக்கப்புறம் என்ன வரும்னு என்னைக் கேட்டிருக்கலாமே."

"ஆபீஸ் பேச்சு கூடாதுன்னு நீதானே..."

"'ஆனால், போலீஸுக்குச் சொல்ல நேரம் இருந்தவனுக்கு அந்த உரிமை கிடையாது. ஆபத்தைத் தானே வரவழைச்சவனுக்கும் கிடையாது.' எத்தனை தடவை அடிச்சிருக்கேன். கடைசி வரி தூக்கு, இல்லேன்னா ஆயுள். எல்லாம் என் பாதியிலதான் வரும்."

உங்களுக்குப் போன் போட்டவள் அவள்தான். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆளுக்குப் பாதிச் சட்டம்தான் தெரியும். இதில் யாரைக் குறை சொல்வது? என் சொத்தை நான் காத்துக்கொண்டேன். இதைத் தவிர நான் செய்த குற்றம் வேறில்லை. ஏணியைச் சேதமில்லாமல் என் வீட்டில் ஒப்படைக்கக் கோருகிறேன்.

பின்குறிப்பு: ஒரு சொல்லும் மறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பதால் இதையும் சேர்க்கிறேன். ஏணியின் கடைசிப் படிக்கு அடியில், பச்சைக்குக் கீழே, 'பெயின்டருடையது, வேலை முடிந்ததும் திருப்பித் தரவும்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். அதை மறைக்க நான் பூசிய பச்சையும் அவரிடம் கேட்டு வாங்கியதுதான்.