ஊசிப் பை

அந்தப் பையை ஜன்னலோரம் வைக்காதீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. மத்தியான வெயில் நேராக அங்கேதான் விழுகிறது. உள்ளே இருக்கிற மருந்துக்குச் சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. ஆமாம், இப்படி மேசையின் நிழலில் இருக்கட்டும். சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் மருந்து மருந்துதானே.

பிரபாவைப் பற்றிச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். என் தம்பி சிவபிரகாஷ் செத்த அன்று அவன் பெண்டாட்டி பிரபா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே சும்மா நின்றாள் என்று எங்கள் சொந்தக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது உண்மைதான். நின்றாள். ஏன் நின்றாள் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். எனக்கும் இப்படி நிம்மதியாக உட்கார்ந்து பேசி ரொம்ப நாளாயிற்று.

சிவாவுக்குத் தேனீ ஆகாது. சின்ன வயதில் எடப்பாடியில் எங்கள் கடலைக் காட்டில் ஒரே ஒரு தேனீ அவன் காதில் கொட்டியது. சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தான். அடுத்த முறை இதைவிட மோசமாகலாம், ஊசி கூடவே இருக்க வேண்டும், ஊசி போடத் தெரிந்த ஆளும் கூடவே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்பா தறிக்கூடத்தை விட்டு நகர முடியாது. அம்மாவுக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அட்ரினலின் குப்பியின் கழுத்தை உடைப்பது, அளவாக உறிஞ்சுவது, தொடையின் வெளிப்பக்கத்தில் துணியோடு சேர்த்தே குத்துவது. இதெல்லாம் கை வேலை, பழகிவிடும். அதைவிட முக்கியமாக இரண்டு விஷயம் சொன்னார். எப்போதும் முதலில் இந்த ஊசிதான். அவில் மாத்திரை அரிப்புக்கும் தடிப்புக்கும் கேட்கும், உயிரைப் பிடித்து வைக்காது, அதைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. இன்னொன்று, மயக்கம் வருகிற ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். எழுந்து நிற்க விடக் கூடாது, நடக்க விடவே கூடாது. ரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கும்போது எழுந்தால் இதயம் நின்றுபோகலாம். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்று கேட்டாலும் சொல்வேன்.

அதிலிருந்து அவன் போன இடமெல்லாம் நானும் போனேன். அவன் படித்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சேலத்தில் காலேஜில் சேர்ந்தபோது அறை எடுத்துச் சமைத்துப் போட்டேன். அவனோடு படித்தவர்கள் ஏற்காடு போனார்கள். அங்கே பூச்செடி அதிகம் என்று நான் அவனை விடவில்லை. வாழப்பாடியிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. மருதாசலம் என்று பேர், மரவள்ளிக் கிழங்கு வியாபாரம், நல்ல மனிதர். நான் போய்விட்டால் ஊசிக்கு யார் என்று கேட்டேன். அப்பா எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். சிவா மட்டும், "எனக்குச் சொல்லிக் குடுக்கா, நானே போட்டுக்கறேன். நீ கண்ணாலம் பண்ணிக்க" என்றான். சின்னப் பையன் பேச்சு. மயக்கம் வருகிறவன் தனக்குத் தானே எப்படிப் போட்டுக்கொள்வான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனுக்கு மட்டுமில்லை, யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அலுப்பு என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும், போலீஸ் வேலை பார்க்கிறீர்கள். ஆனால் நீங்கள் வீட்டுக்குப் போனால் தொப்பியைக் கழற்றி வைக்கலாம். என்னால் காதைக் கழற்றி வைக்க முடியாது. நாற்பது தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவிலும் ஒரு வண்டு பறந்தால் எனக்குக் கேட்கும். தலை நரைத்ததுகூட எப்போது என்று கவனிக்கவில்லை. நான் ரொம்ப அலுத்துப் போயிருந்தேன், அம்மணி. காரணம் என்று ஒரு இடம் இருந்தால் அதில் இதையே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு சிவாவுக்கு ஜலகண்டாபுரத்தில் பெண் பார்த்தோம். கல்யாணத்தில் இணைச்சீர் எனக்குத்தான் செய்தார்கள். மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளுக்கு எங்கள் பக்கம் செய்கிற சீர் அது. அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிற போட்டோவில், என் மடியில் இந்தப் பையும் இருக்கும்.

பிரபா நல்ல பெண். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊசி போடச் சொல்லித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டுப் பார்த்தாள், நான் பிடி கொடுக்கவில்லை. யாரையும் குறை சொல்லாமல் அவளே சேலத்துக்குப் போய் டாக்டரிடம் கற்றுக்கொண்டு வந்தாள். வெறும் தண்ணீரை உறிஞ்சிச் சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினாள். குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அக்கா, இனிமே பை எங்கிட்ட இருக்கட்டுங்க. நீங்க பட்ட பாடு போதும். பழனிக்குப் போயிட்டு வாங்க, எங்க போகோணும்னு தோணுதோ போங்க" என்றாள். சிவா அவளுக்குப் பின்னால் நின்று சிரித்தான். அவன் அவ்வளவு லேசாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பையைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. அடுத்த மாதம் அவர்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனார்கள். அங்கிருந்து போட்டோ அனுப்பினான், பூச்செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் குழந்தை இனியாவுக்குக் காதுகுத்து வைத்தோம். குலதெய்வக் கோயில் காவேரிக் கரையில் இருக்கிறது. அங்கே பெரிய அரச மரம், அதன் உச்சிக் கிளையில் மலைத்தேனீ கட்டிய கூடு. பொங்கல் அடுப்பிலிருந்து கிளம்பிய புகை போய் முட்டியதும் தேனீக்கள் கலைந்து இறங்கிவிட்டன. ஆளாளுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். சிவா தன் துண்டைக் குழந்தைக்குப் போர்த்தினான். அதனால் அவன் கழுத்திலும் முதுகிலும் கொட்டிவிட்டது. கோயில் மண்டபத்துக்குள் வந்து தரையில் படுத்துக்கொண்டான்.

பிரபா பையைத் திறந்தாள். பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பியை உடைத்தாள், உறிஞ்சினாள், அளவு சரியாக இருந்தது. அவள் கை நடுங்கவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "போட்டறட்டுங்களா அக்கா?" என்றாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இத்தனை வருஷம் பையைச் சுமந்தவள் பக்கத்தில் நிற்கிறாளே என்று மரியாதைக்குக் கேட்டாள்.

"பொறு சாமி. அவசரப்பட்டு அதைப் போட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். மொதல்ல அவில் குடுப்போம், கேக்குதான்னு பாக்கலாம்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். எங்கள் பக்கம் எது கடித்தாலும் அவில்தான். நானே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டேன். துண்டால் விசிறினேன். பிரபா இன்னும் இரண்டு தடவை கேட்டாள், நான் இரண்டு தடவையும் பொறு என்றேன். சிவாவின் உதடு வீங்கிக்கொண்டு வந்தது. "மூச்சு முட்டுதுக்கா, ஊசி" என்றான். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான். எனக்கு அது நன்றாக இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது.

"ஒண்ணுமில்ல சாமி, எந்திரி. காருக்கு நடந்து போயறலாம்" என்றேன். அக்கா சொன்னதால் எழுந்தான். என் தோளில் சாய்ந்துகொண்டு நடந்தான், காரின் கதவைத் தொடுவதற்குள் கால் மடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பிரபாவின் கையிலிருந்த ஊசியை வாங்கி நான் போட்டேன். தொடையின் வெளிப்பக்கம், துணியோடு சேர்த்து, சரியாகப் போட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். அக்கா கையால் போட்டும் பிழைக்கவில்லையே என்று அழுதார்கள். நானும் அழுதேன், அது பொய் அழுகை இல்லை.

அடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பூசாரி கிணற்றுப் பக்கம் கல் கூட்டச் சொன்னார். நிழலாக இருக்கட்டும் என்று மரத்தடிக்கு மாற்றச் சொன்னது நான். எரிகிற அடுப்பில் பச்சைத் தழையைப் போட்டதும் நான். முந்தின வாரம் இடம் பார்க்க வந்தபோதே கூட்டைப் பார்த்து வைத்திருந்தேன். கொல்ல வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. தேனீ கொட்டும், பிரபா பதறுவாள், அவள் கை நடுங்கும், நான் வாங்கிப் போட்டுப் பிழைக்க வைப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கை நடுங்கவில்லை. அப்புறம் வேறு வழி இருக்கவில்லை. என் தம்பியை நான்தான் கொன்றேன். உண்ணாமலை சொன்னாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பிரபாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை, இப்போது கை நன்றாக நடுங்குகிறது. போன வாரம் இனியாவை எறும்பு கடித்து விரல் வீங்கியது. எல்லாக் குழந்தைக்கும் வருகிற வீக்கம்தான் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குழந்தைக்கு அவள் அப்பன் உடம்பு.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். அப்புறம் பையைக் கொடுத்தீர்களானால் நான் கிளம்பிவிடுவேன். குழந்தை வீட்டில் தனியாக இருக்கிறது. ஊசி போடத் தெரிந்த ஆள் கூடவே இருக்க வேண்டும்.