ஆர் போட்டவன் எண்டு தெரியோணும்

உந்தப் போனை மூடி வையும் தம்பி. உவங்கள் வெல்லப்போறேல்லை. நானும் உம்மடை வயசிலையிருந்து கிரிக்கெட் பாக்கிறன். ஒருத்தன் அவுட்டானால் காணும், பின்னாலை வாறவங்கள் எல்லாம் செத்தவீட்டுக்கு வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போற மாதிரித்தான். பிறகு கேட்டால் பிட்ச் சரியில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். என்ன? இன்னும் ஆறு விக்கெட் இருக்கோ? இருக்கட்டும், இருக்கட்டும். பஸ் ரவுணுக்குப் போக முதல் அதுவும் முடிஞ்சிடும்.

நீர் எவடம்? உரும்பிராயோ? அப்ப தோட்டக்காரப் பிள்ளைதான். நான் சண்டிலிப்பாய். வெங்காயமும் போயிலையும். ஐயோ, வெங்காயத்தைப் பற்றிக் கேக்காதையும், வயிறு எரியும். நாங்கள் கிண்டி எடுக்கிற நேரம் பாத்துத்தான் கப்பலிலை கொண்டந்து இறக்குவாங்கள். ஆர் ஆட்சிக்கு வந்தாலும் அதிலை மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. வோட்டுக் கேக்க வந்தவை என்ரை தோட்டத்துக்கை நிண்டு, என்ரை வெங்காயத்தைத் தூக்கிப் பிடிச்சு, என்ரை தோளிலை கையைப் போட்டு வீடியோ எடுத்தவை. பிறகு பேஸ்புக்கிலை பாத்தால் அவை நிக்கினம், வெங்காயம் நிக்குது, என்னை வெட்டிப்போட்டாங்கள்.

எல்லாம் வீடியோதானே இப்ப. சனம் கஞ்சிக்கு வழியில்லாமல் இருக்கிற வீட்டுக்கை கமராவோடை போய், அந்த மனிசியைக் கேள்வி கேட்டுக் கேட்டு அழப்பண்ணி, பிறகு ஒரு பை அரிசியைக் குடுத்து அதையும் படம் எடுக்கிறாங்கள். உதவிதான், இல்லையெண்டு சொல்லேல்லை. அந்த மனிசியின்ரை பிள்ளை அடுத்தநாள் பள்ளிக்கூடம் போகோணுமெல்லோ? அதை ஆரும் யோசிச்சவையோ? தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

எனக்கு வந்திட்டுது தம்பி. அதுதான் கதைக்கிறன்.

என்ரை மகள் ஆரபி. பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலை புட்போல் விளையாடுறவள், கோல் கீப்பர். என்ரை பிள்ளையெண்டு சொல்லேல்லை, பந்து வந்தால் காத்திலை படுத்துப் பிடிப்பாள். முழங்கையெல்லாம் எப்பவும் உரஞ்சின காயம். தாய் மஞ்சளைப் பூசிப் பூசிப் பேசுவாள், இவள் பல்லைக் கடிச்சுக்கொண்டு சிரிப்பாள். வாற சனிக்கிழமை பைனல்.

போன கிழமை ஆரோ ஒரு நாய் அவள் பாய்ஞ்சு விழுற ஒரு வீடியோத் துண்டை ரிக்ரொக்கிலை போட்டிருக்கு. கள்ளப் பேரிலை. அப்பிடியே போட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பம். காற்சட்டை மேலை ஏறுற இடத்திலை மெதுவாக்கி, திருப்பித் திருப்பி விட்டு, பின்னாலை ஒரு ஊத்தைப் பாட்டையும் ஒட்டி... கீழை எழுதினதுகளை நான் என்ரை வாயாலை சொல்லமாட்டன். ஊர்ப் பெடியளும் எழுதியிருக்கிறாங்கள், வெளிநாட்டிலை பேரப்பிள்ளை கண்டதுகளும் எழுதியிருக்குதுகள்.

என்ன சொன்னீர்? நீளக் காற்சட்டை போட்டு விளையாடலாமோ? தம்பி, நீர் இவ்வளவு நேரமும் பாத்தீரே கிரிக்கெட், ஆரும் அவங்கடை காற்சட்டையைப் பாத்தவையோ? என்ரை பிள்ளை பந்தைப் பிடிச்சாள். பந்தைப் பிடிச்சவளிலை என்ன பிழை? சொல்லுமன்!

சரி, சரி. உம்மிலை கோவிச்சு என்ன செய்யிறது. என்ரை மனிசியும் உதைத்தான் சொன்னவள். முள்ளிலை சேலை விழுந்தாலும் கிழியிறது சேலைதான், விளையாட்டை விடு எண்டாள். பிள்ளை சப்பாத்தையும் கையுறையையும் கழுவிக் காயவச்சு எடுத்து அலுமாரிக்கு மேலை போட்டிட்டாள். அண்டையிலையிருந்து பள்ளிக்கூடம் இல்லை. ரீச்சர் வீடு தேடி வந்து கெஞ்சினவ. அறைக் கதவுக்குள்ளாலை ஒரு சொல்லுத்தான் சொன்னவள். ஆர் போட்டவன் எண்டு தெரியோணுமாம். தெரியுமட்டும் தான் ஒழுங்கையிலை இறங்கமாட்டாளாம். ஏனெண்டால் எதிர்ப்படுற ஒவ்வொரு முகத்தையும் உவனோ, உவனோ எண்டு பாக்க வேண்டியிருக்காம்.

ஓம், பொலிசுக்குத்தான் போறன். முறைப்பாடு எழுதி என்ட்றி போட்டால் கள்ளப் பேரெண்டாலும் தேடிப் பிடிப்பினமாம். ரீச்சர்தான் சொன்னவ.

வேறை பிள்ளையளோ? இருக்கிறான், மூத்தவன், யதுசன். இருபத்திரண்டு. கனடாவுக்குப் போக அலுவல் பாக்கிறான், என்ரை தங்கச்சி அங்கை. அதுக்கும் பொலிசிலைதான் ஒரு றிப்போட் எடுக்கோணும், ஒரு குற்றமும் இல்லாத பிள்ளையெண்டு. நல்ல பெடியன் எண்டுதான் ஊரிலை சொல்லுவினம். முந்தி அவனும் விளையாடினவன், சரிவரேல்லை. வீட்டிலை இருக்கிற கப்பெல்லாம் இவள் கொண்டந்தது. வாறவை எல்லாம் அதைப் பாத்து இவளைத்தான் விசாரிக்கிறவை. சந்தியிலை பெடியள், டேய் உன்ரை தங்கச்சி காற்சட்டையோடை ஓடுறாள், நீ வேட்டியோடை இருக்கிறாய் எண்டு பகிடி பண்ணுறவங்களாம். அவன் வந்து ஒருக்காச் சொன்னவன். நாங்களும் சிரிச்சம்.

பிள்ளை வளக்கிறதைப் பற்றி இப்ப யூரியூப்பிலை பெரிய பெரிய ஆக்கள் வகுப்பு எடுக்கினம். அடியாதையுங்கோ, தோழனைப் போலை பழகுங்கோ. எங்கடை அப்பர் பூவரசந்தடியாலை வெளுத்தவர், நாங்கள் திருந்தினமோ தெரியாது, பயந்தம். நான் அடிச்சு வளக்கேல்லை. ஒருத்தனையும் ஒருத்தியையும் ஒரே கோப்பையிலை சாப்பிட வச்சு வளத்தனான். இப்ப ஆர் சரி, அப்பரோ நானோ, சத்தியமா எனக்குத் தெரியேல்லை.

ஆனைக்கோட்டை தாண்டிட்டுதோ? அப்ப கிட்டவாத்தான் வந்திட்டம்.

என்ன கேட்டீர்? ஆரிலையும் சந்தேகம் இருக்கோ எண்டோ? கொஞ்சம் மெல்லக் கதையும் தம்பி.

அந்த வீடியோவை எடுத்தது நான்தான். ஓம், நான்தான். பயிற்சி நடக்கிற நேரம் தோட்டத்தாலை வந்த கையோடை, இடுப்பிலை கட்டின ஊத்தைச் சாறத்தோடை உள்ளுக்குப் போக வெக்கப்பட்டு, மைதானத்து வேலிக்கு வெளியிலை நிண்டு, சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு எடுத்தனான். அவளுக்குக்கூடத் தெரியாது. தங்கச்சிக்கு அனுப்புவமெண்டு ஆசை, அனுப்பத் தெரியாமல் அப்பிடியே போனுக்கை கிடந்தது. ரிக்ரொக்கிலை வந்ததிலை ஒரு மூலையிலை என்ரை சைக்கிள் கான்டில் தெரியுது. அந்த மணியும், அதிலை சுத்தின சிவப்பு நூலும். அவள் அழுதழுது ஒருக்காத்தான் பாத்தவள், அது அவளின்ரை கண்ணிலை படேல்லை. நான் விடிய விடியப் பாத்தனான்.

என்ரை போனைத் திறக்கத் தெரிஞ்ச ஆள் என்னைவிட ஒருத்தன்தான் தம்பி. அது இறுகிப் போச்செண்டால் அவனிட்டைத்தான் குடுக்கிறனான்.

இல்லை, கேக்கேல்லை. என்னண்டு கேக்கிறது? கேட்டு, ஓம் எண்டு சொன்னால் நான் என்ன செய்யிறது? அவள் இண்டைக்குக் காலமை அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்தவள், கிழமையொண்டுக்குப் பிறகு. வந்து, அவனுக்குப் புட்டும் சம்பலும் தானே போட்டுக் குடுத்து, அண்ணை, அப்பாவுக்கு உந்தப் போன் விசயம் ஒண்டும் விளங்காது, நீங்களும் பொலிசுக்குப் போங்கோ, நீங்கள் போனால்தான் எனக்கு நம்பிக்கை எண்டாள். அவன் கோப்பையைப் பாத்துக்கொண்டே ஓம் எண்டவன்.

அந்தா இருக்கிறான், றைவருக்குப் பின் சீற்றிலை, காதிலை வயரைக் கொழுவிக்கொண்டு, நீலச் சேட்டு. பக்கத்திலை இடம் கிடந்தது. என்னாலை இருக்க ஏலாமல்தான் பின்னுக்கு வந்து உம்மடை உயிரை எடுக்கிறன்.

சரி தம்பி, நான் எழும்பிறன், முன்னுக்குப் போகோணும். பஸ்ராண்டிலையிருந்து பொலிசுக்கு நடைதான், கொஞ்சத் தூரம் இருக்கு. அவனாய் வாயைத் திறக்கிறானோ எண்டு வாசல்மட்டும் பாப்பன். திறக்காட்டில், உள்ளுக்குப் போய் என்ரை வாயாலைதான் அவன்ரை பேரைச் சொல்லோணும்.